காத்து ஓசி, கரண்ட்டு ஓசி இல்லை

பாய்மரப் படகுல உலகத்தைச் சுத்தி வர்றாங்கன்னு பேப்பர்ல நியூஸ் வரும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் கேக்கற கேள்வி இது. "காத்துலதானே போகுது? அப்புறம் எதுக்குய்யா அதுல டீசல் டேங்க்?"

நியாயமான கேள்விதான். பதில் ஒரே வார்த்தை: பேட்டரி.

2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவிலிருந்து 'தாரிணி'ன்னு ஒரு 56 அடி பாய்மரப் படகு கிளம்புச்சு. கடற்படைப் படகு. உள்ளே ரெண்டே பேர். ஒருத்தர் கோழிக்கோடு, லெப்டினன்ட் கமாண்டர் தில்னா. இன்னொருத்தர் நம்ம பாண்டிச்சேரி, லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. எட்டு மாசம் கழிச்சு, 2025 மே 29-ல உலகத்தையே ஒரு சுத்து சுத்திட்டு திரும்பி வந்தாங்க. 25,000 கடல் மைலுக்கு மேல. தமிழ் பேப்பர்கள்ல ரெண்டு நாள் போட்டோ வந்துச்சு, அப்புறம் எல்லாரும் ஐபிஎல் பாக்கப் போயிட்டோம் :-)

புயல், அலை, தனிமை பத்தியெல்லாம் நிறைய பேர் எழுதிட்டாங்க. நான் எழுத வந்தது யாரும் கண்டுக்காத ஒரு சமாச்சாரம். நடுக்கடல்ல பேட்டரியை எப்படி சார்ஜ்ல வெச்சிருக்கறது? கேக்க சப்புன்னு இருக்கும். ஆனா தனியா கடலோடினவங்க கதைகளைப் புரட்டிப் பாத்தா, பல பேர் மாட்டினது இங்கேதான். ஒருத்தர் இதோட மல்லுக்கட்டி, போதாததுக்கு ரேடியோவும் செத்து, நாலரை மாசம் உயிரோட இருக்காரான்னே ஊருக்குத் தெரியலை. இன்னொருத்தர் ஒரு மகா பொய்யை மூடி மறைக்க இதையே சாக்கா பயன்படுத்தினார்.

முதல்ல கணக்கு பாத்துடலாம். அடையாறுல நம்ம வீட்டு இன்வெர்ட்டரையே எடுத்துக்குவோம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒண்ணு. ரெண்டு ஃபேன், ரெண்டு லைட் ஓடினா சுமார் 15 ஆம்பியர் இழுக்கும். அப்போ 150-ஐ 15-ஆல வகுத்தா பத்து மணி நேரம் வரணுமே? வராது. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே காலி பண்ணினா அதோட ஆயுசு குறையும். அதனால நிஜமா கைக்கு வர்றது அதுல பாதி, நாலஞ்சு மணி நேரம். (வீட்டுல இன்வெர்ட்டர் 'பீப் பீப்'னு கத்தற வரைக்கும் டிவி பாக்கறவங்க கவனிக்க!)

இப்போ படகு. மாஸ்ட் உச்சியில ராத்திரி பூரா விளக்கு எரியணும், இல்லாட்டி சரக்குக் கப்பல் வந்து ஏறிடும். பழைய 25 வாட் குண்டு பல்புன்னா, ஒரு ராத்திரிக்கு இதுவே 20, 25 ஆம்பியர்-மணி தின்னுடும். சுக்கானைத் தானா பிடிக்கற மின்சார ஆட்டோபைலட் சராசரியா நாலு ஆம்பியர்னு வெச்சாலும் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட நூறு. அப்புறம் ஜிபிஎஸ், காத்து வேகம் காட்டற கருவி, பக்கத்துக் கப்பலைக் காட்டற கருவி, லேப்டாப், சாட்டிலைட் போன். தூரத்துக்குப் பேசற ரேடியோ இருக்கே, அது சும்மா இருந்தா சாது. வாயைத் திறந்து பேச ஆரம்பிச்சா இருபது ஆம்பியருக்கு மேல இழுக்கும். எல்லாம் சேத்தா ஒரு நாளைக்கு 150-க்கு மேல ஈஸியா வந்துடும். அதாவது நம்ம வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரி ரெண்டை, தினமும் பாதி காலி பண்ணி, தினமும் திருப்பி ரொப்பணும். நம்ம ஊர்ல மின்வாரியம் ரொப்பிடுது. தெற்கு சமுத்திரத்துல யார் வந்து ரொப்புவா?

எஞ்சினை ஓட்டி ரொப்பலாம்தான். ஆனா அங்கேயும் ஒரு சிக்கல். ஈய-அமில பேட்டரி சாப்பாட்டு விஷயத்துல சின்னக் குழந்தை மாதிரி. முதல் முக்கால் வயிறு மளமளன்னு சாப்பிடும். கடைசி கால் வயிறுக்கு மணிக்கணக்கா வாய்லயே வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். ஒரு மணி நேரம் எஞ்சின் ஓட்டினா 80 சதவீதம் வரைக்கும் ஏத்திடலாம். மீதி 20-க்கு இன்னும் நாலஞ்சு மணி நேரம் டீசல் எரிக்கணும். யார் எரிப்பா? அதனால படகுக்காரர் 80-லயே நிறுத்திடுவார். மறுநாளும் அப்படியே. முழுசா ரொம்பாத பேட்டரியோட தகட்டுல ஈய சல்ஃபேட் படிஞ்சு கல்லா இறுகிடும். ஒரு வருஷத்துல பேட்டரி செத்துப்போகும். காருக்குன்னு செஞ்ச ஆல்டர்னேட்டரையும் ரெகுலேட்டரையும் அப்படியே தூக்கிப் படகுல மாட்டினதுதான் இதுக்கு பெரிய காரணம். கார் பேட்டரி ஸ்டார்ட் பண்ண அஞ்சு செகண்ட் மட்டும் கொடுத்துட்டு, அப்புறம் நாள் பூரா சார்ஜ் ஆகிட்டே இருக்கும். படகு பேட்டரி அதுக்கு நேர் எதிர். படகுக்குன்னே மூணு கட்டமா சார்ஜ் பண்ற ரெகுலேட்டர்கள் பரவலா வந்ததெல்லாம் பிற்பாடுதான்.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

உலகத்தை முதல்முதலா தனி ஆளா சுத்தின ஜோஷுவா ஸ்லோகம் (1895-98) கிட்ட இந்தத் தலைவலியே இல்லை. அவருடைய 'ஸ்ப்ரே' படகுல மண்ணெண்ணெய் விளக்குதான். ஈய-அமில பேட்டரி அப்பவே இருந்துச்சு. பிரான்ஸ்ல பிளான்ட்டே 1859-லயே செஞ்சுட்டார். 1881-ல ஃபோர் தகட்டுல பசை பூசற முறையைக் கண்டுபிடிச்ச பிறகு தொழிற்சாலையிலயும் செய்ய முடிஞ்சது. ஆனா ஸ்லோகமுக்கு அது எதுக்கு? பேச ரேடியோவும் இல்லை, கேக்க ஆளும் இல்லை. கரையை விட்டா கரைதான்.

பேட்டரி வேணும்னு ஆனது பேச்சு வந்த பிறகுதான். 1966-67ல பிரான்சிஸ் சிசெஸ்டர் 'ஜிப்ஸி மாத் 4'ல ஒரே ஒரு எடத்துல, சிட்னியில, நிறுத்தி உலகைச் சுத்தினப்போ ரேடியோ மூலமா லண்டன் பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுத்துட்டே போனார். ஜனங்க காலையில காபியோட அவர் எங்கே இருக்கார்னு படிச்சாங்க. அன்னியிலேருந்து தனியா போறவர் 'பேசணும்'ங்கறது எழுதாத சட்டம் ஆயிடுச்சு. பேசலைன்னா ஊர் பயப்பட ஆரம்பிச்சுடும்.

இதுக்கு அடுத்த வருஷம் நடந்ததுதான் 'கோல்டன் குளோப்' போட்டி. எங்கேயும் நிக்காம, தனியா, உலகத்தை ஒரு சுத்து. ஒன்பது பேர் கிளம்பினாங்க. முடிச்சது ஒரே ஒருத்தர், ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். இவர் கதையில நமக்கு உரிமை உண்டு. ஏன்னா அவருடைய 'சுஹைலி' பம்பாய்ல செஞ்ச படகு. கொலாபா பட்டறையில, நம்ம ஊர் தச்சர்கள் தேக்குல இழைச்சது. 32 அடிதான். வணிகக் கப்பல்ல வேலை பாத்துட்டிருந்த இங்கிலாந்துக்காரர் அவர், இங்கே இருந்தப்போ கட்டினது. 1965 கடைசியில தன் தம்பியோடவும் ஒரு நண்பரோடவும் பம்பாய்லேருந்து அதை ஓட்டிக்கிட்டே லண்டன் போய்ச் சேந்தார். பார்க்க குண்டா, மெதுவா போற படகு. பந்தயத்துக்கு இதுவான்னு சிரிச்சவங்க உண்டு.

1968 ஜூன் 14, ஃபால்மத் துறைமுகத்துலேருந்து கிளம்பினார். பேட்டரியை ரொப்ப ஒரு குட்டி பெட்ரோல் சார்ஜர் எஞ்சின். அது மக்கர் பண்ண ஆரம்பிச்சது. பொறி வர்ற இடைவெளியைச் சரி பண்ணனும், அங்குலத்துல ஆயிரத்துல 12-லேருந்து 15 பங்கு இருக்கணும். அதை அளக்கற தகடு (மெக்கானிக்குகள் 'ஃபீலர் கேஜ்'ம்பாங்க) எடுத்துட்டு வர மறந்துட்டார். நடுக்கடல். கடையா இருக்கு? மனுஷன் என்ன பண்ணினார் தெரியுமா? ஒரு புஸ்தகத்தை எடுத்து எத்தனை தாள் சேந்தா ஒரு அங்குலம்னு எண்ணினார். 200 தாள். அப்போ ஒரு தாள் ஆயிரத்துல 5 பங்கு. மூணு தாளை மடிச்சு இடைவெளியில செருகிச் சரி பண்ணிட்டார்! எனக்கு இந்தப் பயணம் பூராவுலயும் ரொம்பப் பிடிச்ச எடம் இதுதான். ஹார்ன் முனையைத் தாண்டினது எல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

இன்னொண்ணு கொஞ்சம் பயங்கரம். பேட்டரியில சார்ஜ் எவ்வளவு இருக்குன்னு பாக்க அமிலத்தை உறிஞ்சிப் பாக்கற ஹைட்ரோமீட்டர் இருக்குல்ல, நம்ம பேட்டரி கடைகள்ல ரப்பர் பல்ப் வெச்ச கண்ணாடிக் குழாய், அதை வெச்சுப் பாத்துட்டிருந்தப்போ படகு ஒரு குலுக்கு குலுக்க, அமிலம் கண்ணுலயே தெறிச்சுடுச்சு. தண்ணி விட்டுக் கழுவி, மருந்து விட்டுட்டு உக்காந்தார். திரும்பிப் போயிடலாமான்னு யோசனை. அப்போ அவர் நினைச்சதை அவரே எழுதியிருக்கார். ஜெயிக்கறதுக்கு விலை ஒரு கண்ணுன்னா கொடுக்கலாம்னு! நல்லவேளை, கண் தப்பிச்சது. திறந்த அமில பேட்டரியை ஆடற படகுல வெச்சா இதுதான் கதி. போதாததுக்கு கடல் தண்ணி உள்ளே போனா குளோரின் வாயு வரும், அது ஆளைக் கொல்லும். நீர்மூழ்கிக்காரங்களுக்கு இது நல்லாவே தெரியும். இன்னிக்குப் படகுகள்ல சீல் பண்ணின பேட்டரி வர்றதுக்கு இந்த மாதிரி பட்ட அனுபவங்கள்தான் காரணம்.

சார்ஜரை ஒரு வழியா சமாளிச்சாலும் ரேடியோ கைவிட்டுடுச்சு. அலை புரட்டிப் போட்டதுல உப்புத் தண்ணி புகுந்து, பேசற பக்கம் செத்துப்போச்சு. கேக்கற ரிசீவர் மட்டும் வேலை செஞ்சது. 1968 நவம்பர்ல நியூசிலாந்துக் கரையோரம் ஆள்களைப் பாத்துப் பேசினதுதான் கடைசி. அதுக்கப்புறம் சத்தமே இல்லை. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச். அந்தக் கிறிஸ்துமஸ் சமயம் அவர் ரிசீவர்ல கேட்ட செய்தி என்ன தெரியுமா? அப்போலோ 8-ல மூணு பேர் நிலாவைச் சுத்திட்டிருக்காங்கன்னு. நிலாவுக்குப் பக்கத்துல இருக்கறவங்க பேசறதை உலகமே கேக்குது. இவர் பூமியிலதான் இருக்கார், பேச வழியில்லை. 1969 ஏப்ரல் 6-ஆம் தேதி அட்லாண்டிக்ல ஒரு எண்ணெய்க் கப்பலைப் பாத்து, விளக்கை அணைச்சு அணைச்சுப் போட்டு மோர்ஸ்ல பேர் சொன்னார். அன்னிக்குத்தான் வீட்டுல இருக்கறவங்களுக்கு ஆள் உயிரோட இருக்கார்னு தெரிஞ்சது. நாலரை மாசம்!

இந்த நாலரை மாசத்தை நாம புரிஞ்சுக்கறது ஒண்ணும் கஷ்டமில்லை. 2015 டிசம்பர் முதல் வாரம் அடையாறு ஆத்தங்கரையில இருந்தவங்க யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டைன்னு ஆறு வீட்டுக்குள்ள வந்துச்சு. கரண்ட் போச்சு. கொஞ்ச நேரத்துல செல்போன் டவர்ல இருந்த பேட்டரியும் காலி. கையில இருக்கற போன்ல நாலு சதவீதம், ரெண்டு சதவீதம்.... அவ்வளவுதான். அமெரிக்காவுல இருக்கற பிள்ளைக்கு அம்மா அப்பா மாடியில பத்திரமா இருக்காங்களான்னு ரெண்டு மூணு நாளைக்குத் தெரியாது. அப்போ பல எடத்துல வேலை செஞ்சது, நாம தூக்கிப் போடலாம்னு இருந்த பிஎஸ்என்எல் லேண்ட்லைன்தான். காரணம், அந்த போனுக்கு வீட்டுக் கரண்ட்டே வேண்டாம். எக்ஸ்சேஞ்ச்ல அடுக்கி வெச்சிருக்கற 48 வோல்ட் பேட்டரியிலேருந்து ஒயர் வழியாவே மின்சாரம் வருது. அங்கே ஒருத்தர் பொறுப்பா ஜெனரேட்டரை ஓட்டி அதை ரொப்பிட்டிருந்தா போதும், லைன்ல சத்தம் வரும். இந்த ஏற்பாட்டை மனசுல வெச்சுக்குங்க. பின்னாடி திரும்ப வரும்.

கோல்டன் குளோப்புக்குத் திரும்புவோம். அதே போட்டியில டொனால்ட் க்ரோஹர்ஸ்ட். இவர் தொழிலே எலெக்ட்ரானிக்ஸ். திசை கண்டுபிடிக்கற கருவி செஞ்சு விக்கற கம்பெனி வெச்சிருந்தவர். மூணு உடல் கொண்ட 40 அடி படகு, 'டெய்ன்மத் எலெக்ட்ரான்'. பேர்லயே எலெக்ட்ரான்! எல்லாரையும் விட மின்சாரம் தெரிஞ்சவர் இவர்தான். ஆனா படகை அவசர அவசரமா முடிச்சு, 1968 அக்டோபர் 31, கெடுவோட கடைசி நாள்ல கிளம்பினார். ஜெனரேட்டர் வெச்ச எடத்து மூடி ஒழுகுச்சு. கிளம்பி ஒரு மாசத்துக்குள்ளயே ஜெனரேட்டர் கடல் தண்ணியில குளிச்சுடுச்சு. அதைக் கழட்டித் துடைச்சுச் சரி பண்ணி மறுபடி ஓட வெச்சார். ஆனா இந்தப் படகை வெச்சுக்கிட்டு தெற்கு சமுத்திரம் போனா சாவுதான்னு அவருக்குப் புரிஞ்சுபோச்சு. திரும்பினா கடன்காரன் கழுத்தைப் பிடிப்பான்.

அப்புறம் நடந்தது பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். அட்லாண்டிக்லயே சுத்திக்கிட்டு, உலகத்தைச் சுத்தற மாதிரி பொய்யான இடங்களை ரேடியோவுல சொல்ல ஆரம்பிச்சார். ஆனா ரேடியோவுல ஒரு வில்லங்கம் இருக்கு. எந்தக் கரையோர நிலையத்தோட பேசறோமோ அதை வெச்சு நாம எந்தப் பக்கம் இருக்கோம்னு தெரிஞ்சுடும். இந்தியப் பெருங்கடல்ல இருக்கறதா சொல்லிட்டு அட்லாண்டிக் நிலையத்தைக் கூப்பிட முடியுமா? அதுக்கு அவர் கண்டுபிடிச்ச சாக்குதான் ஜெனரேட்டர். 1969 ஜனவரியில, 'ஜெனரேட்டர் மூடியை அடைச்சு சீல் வைக்கப் போறேன், இனிமே பேச முடியாது'ன்னு தந்தி கொடுத்துட்டு கிட்டத்தட்ட மூணு மாசம் மௌனம். யாரும் சந்தேகப்படலை. ஏன் படணும்? படகுல சார்ஜ் இல்லாம போறது அவ்வளவு சகஜம். அந்த வருஷம் ஜூலை 10-ல படகு மட்டும் கிடைச்சது, ஆள் இல்லை. உண்மை, விட்டுட்டுப் போன நோட்டுப் புஸ்தகங்கள்லேருந்துதான் வெளியில வந்துச்சு. நாக்ஸ்-ஜான்ஸ்டன் தனக்குக் கிடைச்ச 5,000 பவுண்டு பரிசுப் பணத்தை க்ரோஹர்ஸ்ட் குடும்பத்துக்கே கொடுத்துட்டார். பொய் வெளியில வந்த பிறகும் கொடுத்ததைத் திருப்பிக் கேக்கலை.

இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல பிரெஞ்சுக்காரர் பெர்னார் மொய்த்தெஸியே. ரேடியோவே வேண்டாம்னுட்டார். செய்தி சொல்லணும்னா காகிதத்துல எழுதி, ஃபிலிம் டப்பாவுல போட்டு, கவண்வில்லால பக்கத்துல போற கப்பல் மேல அடிப்பார்! மாங்கா அடிக்கற மாதிரி. கவண்வில்லுக்குச் சார்ஜ் தேவையில்லை :-) 1969 மார்ச்ல, ஜெயிக்கற வாய்ப்பு இருந்தும் போட்டியிலேருந்து விலகி பசிபிக் தீவுகளுக்குப் போறேன்னு அவர் சொன்ன செய்தியும் இப்படித்தான் போய்ச் சேந்தது.

மூணு பேரையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா எனக்குத் தோணறது இதுதான். படகை ஓட்ட பேட்டரி தேவைப்படலை. ஸ்லோகம் அதை 1898-லயே காட்டிட்டார். பேட்டரி, கரையில காத்துக்கிட்டிருக்கறவங்களுக்காக. ஆனா பிற்காலத்துல படகு ஓட்டறதையே பேட்டரி மேல ஏத்திட்டோம். ஆட்டோபைலட், ஜிபிஎஸ், மின்சார பம்ப்புன்னு. அதனால பேட்டரி போனா ரெண்டும் ஒரே சமயத்துல போகுது, ஓட்டமும் பேச்சும். அனுபவசாலிகள் இதைப் பிரிச்சு வைப்பாங்க. சுக்கான் பிடிக்க 'விண்ட் வேன்'ன்னு ஒரு கருவி உண்டு. படகு பின்னாடி ஒரு தகடு, காத்து திசை மாறினா அது சாய்ஞ்சு, தண்ணிக்குள்ள இருக்கற துடுப்பைத் திருப்பி, கயிறு மூலமா சுக்கானை இழுக்கும். ஒரு சொட்டு கரண்ட் வேண்டாம். 1960-ல அட்லாண்டிக் பந்தயத்துல ஹாஸ்லர் கொண்டு வந்தது. மின்சார ஆட்டோபைலட் ஒரு நாளைக்குத் தின்னற நூறு ஆம்பியர்-மணியை இது மிச்சம் பிடிச்சுக் கொடுத்துடும்.

மத்தபடி இந்த அம்பது வருஷத்துல சம்பாதிக்கற வழி நிறைய ஆயிடுச்சு. சோலார் பேனல்: நம்ம வெயில்ல 100 வாட் பேனல் நாளைக்கு 30 ஆம்பியர்-மணி பக்கம் கொடுக்கும். ஆனா ஹார்ன் முனை 56 டிகிரி தெற்கு, எப்பப் பாத்தாலும் மேகம், பாயோட நிழல் வேற. காத்தாடி: புயல்ல நல்லா சுத்தும், பின்காத்துல படகும் கூடவே ஓடறதால சோம்பிக்கும். எனக்குப் புத்திசாலித்தனமா படறது தண்ணிக்குள்ள விடற சின்ன விசிறி. படகு ஓடற வேகத்துல அது சுத்தி கரண்ட் கொடுக்கும். வேகமா ஓடினா நிறைய, நின்னா பூஜ்யம். இதைச் செய்யற 'வாட் அண்ட் சீ' கம்பெனியை ஆரம்பிச்ச யானிக் பெஸ்தவென் 2020-21ல உலகைச் சுத்தற வாந்தே குளோப் போட்டியை ஜெயிச்சார். சரக்கு மேல நம்பிக்கைன்னா இப்படி இருக்கணும். இன்னொரு பக்கம் எல்ஈடி வந்து செலவைக் குறைச்சது. 25 வாட் உச்சி விளக்கு ரெண்டு மூணு வாட்டாச்சு. சம்பாத்தியத்தைக் கூட்டினதை விட இந்தச் செலவுக் குறைப்புதான் பெரிய புரட்சின்னு நான் சொல்வேன்.

நம்மாளுங்க கதை. கோவாவுல ரத்னாகர் தண்டேகரோட பட்டறையில செஞ்ச 'மாதேய்' 2009-ல கடற்படைக்கு வந்துச்சு. அதுல திலீப் தோண்டே 2009 ஆகஸ்ட்லேருந்து 2010 மே வரைக்கும், நாலு துறைமுகத்துல நிறுத்தி, தனியா உலகைச் சுத்தின முதல் இந்தியர். அதே படகுல 2012 நவம்பர் 1-ல மும்பையிலேருந்து கிளம்பின அபிலாஷ் டாமி, எங்கேயும் நிக்காம 2013 மார்ச் கடைசியில திரும்பினார். அஞ்சு மாசம், ஒரு தடவை கூட கரையிலேருந்து ஒயர் இழுத்து சார்ஜ் பண்ணாம!

அதே அபிலாஷ் 2018-ல மறுபடி கிளம்பினார். கோல்டன் குளோப்போட அம்பதாவது வருஷ நினைவுப் போட்டி. விதி என்னன்னா 1968-ல இருந்த சாமான்தான் உபயோகிக்கணும். ஜிபிஎஸ் பாத்து ஓட்டக் கூடாது, மின்சார ஆட்டோபைலட் கூடாது. இவர் படகு 'துரியா', சுஹைலியோட அச்சு, இதுவும் கோவாவுல செஞ்சது. செப்டம்பர் 21, இந்தியப் பெருங்கடலோட தென்கோடியில, ஆஸ்திரேலியாவோட பெர்த்லேருந்து 1,900 கடல் மைல் தள்ளி, புயல்ல படகு புரண்டுடுச்சு. மாஸ்ட் முறிஞ்சது. அவருக்கு முதுகெலும்பு உடைஞ்சு எழுந்திருக்கவே முடியலை.

இந்த நிலைமையில எஞ்சினை ஓட்டி பேட்டரி ரொப்பறதெல்லாம் நடக்கற காரியமா? உயிரைக் காப்பாத்தினது படகோட பெரிய பேட்டரி இல்லை. தனித்தனியா, தனக்குன்னு சொந்த பேட்டரி வெச்சிருக்கற சின்னக் கருவிகள். ஒண்ணு சாட்டிலைட்டுக்கு அபாய சமிக்ஞை அனுப்பற பீக்கன். சீல் பண்ணின லித்தியம் பேட்டரி, குறைஞ்சது 48 மணி நேரம் கத்தணும்னு விதி. இன்னொண்ணு குறுஞ்செய்தி அனுப்பற கைக்கருவி, பேஜர் சைஸ். படுத்த எடத்துலேருந்தே அதுல செய்தி அனுப்பினார். அந்த எக்ஸ்சேஞ்ச் பேட்டரி சொன்னேனே, அதே தத்துவம். வீட்டுல கரண்ட் போனாலும் பேச்சுக்குன்னு இருக்கறது தனியா நிக்கணும். இந்தியக் கடற்படை விமானம் தேடிப்போய்ப் படகைப் பாத்துச்சு. 24-ஆம் தேதி பிரெஞ்சு மீன்வள ரோந்துக் கப்பல் 'ஓசிரிஸ்' போய் ஆளை எடுத்துச்சு. மூணு நாள். 48 மணி நேரத்தைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க, ஒரே கருவியை நம்பியிருந்தா கணக்கு இடிச்சிருக்கும்.

(மனுஷன் முதுகுல டைட்டானியம் கம்பியோட 2022-ல திரும்பப் போட்டிக்குப் போய், 2023 ஏப்ரல் 29-ல ரெண்டாவதா வந்து சேந்தார். அது தனிப் பதிவுக்கான மேட்டர்.)

இதையெல்லாம் பணக்கார விளையாட்டுன்னு ஒதுக்கிடலாம். ஆனா அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல். கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கத்து ஆளுங்க வாரக்கணக்கா ஆழ்கடல்ல தங்கி மீன் பிடிக்கறவங்க. அவங்க கையில இருந்த வயர்லெஸ் அடிவானத்தைத் தாண்டிப் போகாத வகை. பேட்டரி ஃபுல்லா இருந்தாலும் கரைக்குக் கேக்காது. புயல் செய்தி போய்ச் சேரலை, திரும்பி வராதவங்க நூத்துக்கணக்குல. அதுக்கு ஏழு வருஷம் முன்னாடி, 2010-லேருந்தே, இஸ்ரோவோட அபாய சமிக்ஞைக் கருவி உபயோகத்துல இருந்துச்சு, கையடக்கமா, சொந்த பேட்டரியோட. ஒவ்வொரு படகுலயும் இருந்திருந்தா? சாட்டிலைட் வழியா ரெண்டு பக்கமும் செய்தி போற டிரான்ஸ்பாண்டரைத் தமிழ்நாட்டு விசைப்படகுகள்ல பொருத்த ஆரம்பிச்சது ஒக்கிக்கு அப்புறம் சில வருஷம் கழிச்சுத்தான். இங்கே பெசன்ட் நகர் பக்கம் ஊரூர் குப்பத்துல ஃபைபர் படகுகளைப் பாத்தா, ராத்திரி போய் காலையில திரும்பற தொழில், கரை விளக்கு கண்ணுக்குத் தெரியற தூரம். தூத்தூர்க்காரங்க போற தூரத்துல கரை விளக்கு ஏது?

திரும்ப தாரிணி. 2025 ஜனவரி 30-ஆம் தேதி ரூபாவும் தில்னாவும் 'பாயின்ட் நீமோ'ங்கற எடத்தைத் தாண்டினாங்க. பசிபிக்ல, எந்தக் கரையிலேருந்தும் சுமார் 2,700 கிலோமீட்டர் தள்ளி இருக்கற புள்ளி. பூமியில அதை விடத் தனியான கடல் கிடையாது. தலைக்கு மேல 400 கிலோமீட்டர் உயரத்துல விண்வெளி நிலையம் போகுமே, அதுல இருக்கறவங்கதான் அந்த நேரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க. அந்த நிலையமும் பேட்டரியிலதான் ஓடுது, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பூமி நிழலுக்குள்ள போகும்போது. அவங்களுக்கு அடுத்த வெயில் முக்கால் மணி நேரத்துக்குள்ள வந்துடும், மேகம் கிடையாது. கீழே படகுல இருக்கற ரெண்டு பேருக்கு அந்த உத்தரவாதமெல்லாம் இல்லை. ரெண்டு வாரம் கழிச்சு, பிப்ரவரி 15-ல, அவங்க ஹார்ன் முனையைச் சுத்தினாங்க. அப்புறம் போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன், மே மாசம் கோவா. ஜெட்டியில கட்டிட்டா ஒரு ஒயரை இழுத்து கரையில சொருகிடலாம்.